மச்சாளின் வலது கால் கத்தி

டென்மார்க்கில் ரயிலை நடுவழியில் இரண்டாகப் பிரிப்பார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. முன் பாதி ஒரு ஊருக்குப் போகும், பின் பாதி இன்னொரு ஊருக்குப் போகும். நான் இருந்தது பின் பாதியில், அதுவும் கதைக்கக் கூடாத பெட்டியில். பாரிசில் இருக்கிற அம்மா போன் எடுத்தார். தூரம் கூடக் கூட அம்மாவுக்குக் குரலும் கூடும். எதிரே இருந்த வெள்ளைக்கார அம்மா யன்னலில் ஒட்டியிருந்த படத்தை விரலால் தட்டிக் காட்டினார். சரி என்று எழும்பி முன்பக்கம் நடந்தேன். நாலு பெட்டி தாண்டிக் கதவடியில் நின்று அம்மாவின் புத்திமதி முழுவதையும் வாங்கிக்கொண்டு திரும்பினால், நான் வந்த வழியைக் காணவில்லை. கண்ணாடிக்கு அப்பால் தண்டவாளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

என் பையும் பாரிசின் தமிழ்க் கடைத்தெரு லாச்சப்பலில் வாங்கிய முருங்கைக்காய்க் கட்டும் ஹெர்னிங் போயின. நான் ஓகூஸ் போனேன்.

மாமா ஹெர்னிங் ஸ்டேசனில் காத்து நின்றிருக்கிறார். மேல் தட்டில் நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காயை வெளியிலிருந்தே கண்டு, ஏறி இறக்கிவிட்டு எனக்குப் போன் எடுத்தார்.

"மருமோனுக்கு முதல் முருங்கைக்காய் வந்திட்டுது. அதுக்கு இருக்கிற அறிவு உனக்கில்லை. இறங்கி எங்கடை ஊர் இக்காஸ்டுக்கு ரயில் எடு. இந்தமுறை ஏறின பெட்டியிலையே இரு, விளங்குதோ?"

"ஓம் மாமா. முருங்கைக்காயைத் தனிய விடாதேங்கோ, குளிரும்."

"வாடா நீ, வா."

நான் டென்மார்க் வந்த காரணம் என் மச்சாள் நிவேதா. மாமாவின் ஒரே மகள். பனித்தரையில் ஒரு பொடியனோடு ஜோடியாக நடனம் ஆடுகிறவள், இருபத்திரண்டு வயது. முக்கியமான போட்டி ஒன்று வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், வரமுடியாது. "தமையன்ரை பிள்ளை மேடை ஏறேக்கை மாமி முறைக்கு ஒரு ஆள் நிக்கவேணும்" என்று என்னை அனுப்பினார். அது மேடை இல்லை, ஐஸ் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அம்மாவுக்கு நடனம் என்றால் அரங்கேற்றம்தான். பட்டுச்சேலையும் தாம்பாளமும் கட்டித் தந்தார். எட்டாம் வகுப்பு வரை யாழ்ப்பாணத்தில் படித்து, பாரிசில் பள்ளிக்கூடத்துக் கடைசி வாங்கிலிருந்து நேரே ரெஸ்டோரண்ட் குசினிக்குப் போன எனக்கு, ஒரு கிழமை லீவு கிடைத்தால் தாம்பாளம் காவுவதில் வெட்கம் இல்லை.

இக்காஸ்ட் சின்ன ஊர். வீடுகள் எல்லாம் ஒரே செங்கல், ஒரே உயரம். வீதியில் ஆட்கள் இல்லை, கார்தான் போகிறது. லாச்சப்பலில் ஒருவரை இடிக்காமல் பத்தடி நடக்க முடியாது. இங்கே இடிப்பதற்கு ஆள் தேடவேண்டும்.

மச்சாள் கதவைத் திறந்தாள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கலியாணவீட்டில் கண்டது. முறை மச்சாள் என்றால் எங்கள் பக்கத்தில் பகிடி பண்ணுவது மச்சானின் உரிமை, ஏறக்குறையக் கடமை.

"என்ன ஐஸ்பழம், உருகாமல் இருக்கிறியோ?" என்றேன்.

அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே திரும்பி டெனிஷில் ஏதோ கேட்டாள். மாமா சிரித்தார். "இவன் எப்பவும் இப்பிடியா, இல்லாட்டிப் பயணக் களைப்பா எண்டு கேக்கிறாள்."

மேசைக்கு வந்து ஒரு கறுத்த இனிப்பை என் கையில் வைத்தாள். வாயில் போட்டேன். இனிப்பு இல்லை, உப்பு. தார் ரோட்டைக் கருவாட்டுத் தண்ணீரில் ஊறவைத்த மாதிரி. துப்பவும் வழியில்லாமல் விழுங்கினேன். அப்போதுதான் அவள் தமிழில் முதல் வசனம் பேசினாள்.

"வெல்கம் மச்சான். இன்னும் ஒண்டு வேணுமா?"

அந்தக் கணத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மாமா என் காலைத் தட்டினார். ஐஸ் மண்டபத்தில் நல்ல நேரம் எல்லாம் ஹொக்கிக்காரருக்குப் போய்விடும். ஜோடி நடனம் ஆடுகிறவர்களுக்கு மிஞ்சுவது விடியற்காலை. மாமா பிராண்டேயில் காற்றாலைக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் வேலை. மகள் ஆறு வயதில் தொடங்கிய நாளிலிருந்து பின்னேரச் சிப்ட் மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார். பதினாறு வருடமாக அவர் பின்னேரம் வீட்டில் இருந்தது இல்லை. மாமி முதியோர் இல்லத்தில் வேலை, அவரும் சிப்ட். இரண்டு பேரும் சந்திக்கிற இடம் பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டின கடதாசித் துண்டுதான்.

காரில் மச்சாள் பின்சீட்டில் நித்திரை. மாமா அவளின் கதையைச் சொல்லிக்கொண்டு காரை ஓடினார்.

"பள்ளிக்கூடத்தாலை ஒருநாள் ஐசுக்குக் கூட்டிக்கொண்டு போனவங்கள். வந்து சப்பாத்தைக் கழட்டமாட்டன் எண்டு அழுதவள். பரதமும் பழகினவள், பதினொரு வயசு மட்டும். முழங்காலை மடிச்சு நிக்கிறது அங்கையிருந்து வந்ததுதான். இஞ்சத்தை கோச் அந்த முழங்காலைப் பாத்திட்டு, இது எங்கை பழகினது எண்டு கேட்டவ."

"பிறகு ஏன் மாமா பொடியனோடை ஆடவேணும்? தனிய ஆடினால் என்ன?"

"தனிய ஆடுறவை பாயவேணும். இவளுக்குப் பாயிறது விருப்பமில்லை. ஐசிலை கோடு கீறுறதுதான் விருப்பம். அதுக்கு ஜோடி வேணும். மாப்பிள்ளை தேடுறது லேசடா தம்பி. சாதகம் பொருந்தினால் காணும். இதுக்கு உயரம் பொருந்தவேணும், கால் நீளம் பொருந்தவேணும், இரண்டு வீட்டுக்கும் நடுவிலை ஒரு ஐஸ் மண்டபம் இருக்கவேணும்."

முதல் பொடியன் ஹொக்கிக்குப் போய்விட்டானாம். இரண்டாவது பொடியன் ஒரே கோடையில் முருங்கை மாதிரி வளர்ந்துவிட்டான், அவளின் தலை அவனின் நெஞ்சுக்குக் கீழே. இரண்டு வருடம் ஜோடியே இல்லை. கைபிடித்துப் பழக ஆள் வேண்டும் என்று மாமாவே சறுக்குச் சப்பாத்துப் போட்டு ஐசில் இறங்கியிருக்கிறார்.

"எத்தினை நாள் ஆடினீங்கள் மாமா?"

"எட்டு நிமிசம்" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "பிறகு அம்புலன்ஸ்."

மாமா இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். அது இப்போதும் கொஞ்சம் கோணல்.

இப்போதைய ஜோடி மாத்தியாஸ். ஐந்து வருடமாக அவளோடு ஆடுகிறான். மின்சார வேலை பழகின பொடியன், நல்ல உயரம், வெட்கச் சிரிப்பு. என்னைக் கண்டதும் கையை நீட்டி, "சாப்பிட்டாச்சா?" என்றான். மாமா சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ். மாமியின் மரக்கறி றோல்சை நினைத்துத்தான் கேட்கிறான் என்று பிறகு விளங்கியது. றோல்ஸ் பெட்டி காருக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டான்.

போட்டி என்ன என்பதை மச்சாள் இடைவேளையில் விளங்கப்படுத்தினாள், பாதி தமிழ், பாதி கை. ஐரோப்பிய ஜோடிகள் எல்லாம் ஆடுகிற பெரிய போட்டிக்குப் போக, அதற்கு முன் ஒரு சின்னப் போட்டியில் குறிப்பிட்ட புள்ளி எடுத்திருக்க வேண்டும். மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறிப் போயிருக்கிறது. இந்தச் சனிக்கிழமைதான் இந்தப் பருவத்தின் கடைசி வாய்ப்பு.

"அடுத்த வருசம் எடுக்கலாம்தானே?"

"மாத்தியாஸ் நிப்பாட்டப் போறான். வேலை கிடைச்சிட்டுது. இது இல்லாட்டி..." அவளுக்குச் சொல் வரவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "எனக்கு இருபத்திரண்டு. இன்னொரு ஆளை முதலிலை இருந்து பழக்க ஏலாது."

பிறகு ஒரு சப்பாத்தைக் கழற்றி என் மடியில் வைத்தாள். அடியில் இருக்கிற கத்தி இரண்டு கிழமைக்கு முன்தான் புதிதாகப் பூட்டினது. நான் கத்தி என்றால் கூராக இருக்கும் என்று நினைத்தேன். அடிப்பக்கம் நடுவில் சின்ன வாய்க்கால் மாதிரிக் குழிந்திருக்கிறது, இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. ஆடுகிறபோது ஒருநேரத்தில் ஒரு விளிம்பில்தான் நிற்பார்களாம். பெருவிரல் நகத்தை விளிம்பில் மெல்ல இழுத்தாள். மாவு மாதிரி நகம் உதிர்ந்தது.

"பாத்தியா? இது போனால் நான் போயிட்டன்."

"இதாலை முருங்கைக்காய் வெட்டலாம் போல."

"வெட்டினால் உன்னை வெட்டுவன்."

ஆட்டம் முடிந்து அவள் வெளியே வந்ததும் மாமா குந்தியிருந்து இரண்டு கத்தியையும் துவாயால் துடைத்தார். குழிக்குள் சுட்டுவிரலை விட்டுத் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் துணி உறை மாட்டினார். பதினாறு வருடமாக இது அவரின் வேலை. வேறு ஒருவரையும் தொடவிடமாட்டார். குழந்தைக்குச் சொக்ஸ் போடுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். "ஓம், அப்பிடித்தான்" என்றார், நிமிராமல்.

போட்டி இரண்டு நாள், இரண்டு ஆட்டம். இரண்டு மணித்தியாலம் காரில் ஓடிக் கடல் பக்கத்து நகரம் ஒன்றுக்குப் போனோம். மாமிக்கு வெள்ளிக்கிழமை வேலை, சனிக்கிழமையும் வேலை. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டித் தந்துவிட்டு, "விழுந்தால் எனக்குச் சொல்லாதேங்கோ, வென்றால் மட்டும் போன் எடுங்கோ" என்றார்.

மண்டபத்தில் கூட்டம் குறைவு. எங்களுக்குப் பின்னால் இரண்டு டெனிஷ் மனிசிகள், பின்னல் ஊசியும் நூலுமாக. சோற்றுப் பெட்டியைத் திறந்ததும் ஒருவர் மற்றவருக்கு ஏதோ சொன்னார். மாமா காதோடு சொன்னார்: "'இந்த மண்டபத்திலை இப்பதான் முதல்தரம் ஒரு நல்ல மணம் வருது' எண்டு சொல்லுறா." நான் ஒரு கரண்டி கத்தரிக்காய் நீட்டினேன். இரண்டு பேரும் வாங்கினார்கள். இரண்டு பேருக்கும் மூக்கு ஓடியது. இரண்டாம் தரமும் கேட்டார்கள்.

முதல் ஆட்டத்துக்கு மச்சாள் நீலச் சட்டையில் இறங்கினாள். என்னிடம் நாலைந்து பகிடி தயாராக இருந்தது. எல்லாம் மறந்துபோனது. இரண்டு பேரும் ஒரே கோட்டில், ஒரே முழங்கால் மடிப்பில், இடையில் ஒரு கை அகலம் மட்டும் விட்டு மண்டபத்தைச் சுற்றி வந்தார்கள். சத்தம் ஒன்று வந்தது, கடதாசியைக் கத்தரிக்கோலால் நீளமாக வெட்டுகிற மாதிரி. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் பிழை, இருந்தால் சரி என்றார் மாமா. அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தேவைப்பட்டதற்கு மேலேயே புள்ளி வந்தது. இனி இரண்டாம் ஆட்டத்தில் வழக்கம்போல ஆடினாலே போதும். மாத்தியாஸ் மாமாவைத் தூக்கிச் சுற்றினான். மாமா படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ரொறொன்ரோ, லண்டன், யாழ்ப்பாணம் எல்லா இடத்திலிருந்தும் கை, பூ, கேக் வந்து விழுந்தது.

அதுதான் அம்மாவுக்குப் பயத்தைக் கொடுத்தது. சனிக்கிழமை காலை போன் எடுத்தார்.

"அத்தினை பேரும் பாத்திட்டினம். கண்ணூறு சும்மா விடாது. எலுமிச்சம்பழம் ஒண்டு வாங்கி அவளின்ரை தலையைச் சுத்தி எறிஞ்சு விடு."

"அம்மா, அவள் என்னைச் சுத்தி எறிவாள்."

"சொன்னதைச் செய். கத்தியும் புதுசு எண்டு மாமா சொன்னவர். புது வாகனத்துக்கே சனம் பழம் வைக்குது."

அம்மா சொன்னது சுற்றி எறியத்தான். மிச்சத்தை யோசித்தது என் மூளை. இதை நான் பிறகும் பல தரம் சரிபார்த்துவிட்டேன்.

பழத்தைப் பக்கத்துக் கடையில் வாங்கிப் பொக்கெட்டில் போட்டேன். காலைப் பயிற்சி முடிந்து மச்சாள் தலை அலங்காரத்துக்குப் போய்விட்டாள். மாமா கத்தியைத் துடைத்து உறை போட்டுப் பையில் வைத்துப் பையைக் காரின் டிக்கியில் வைத்தார்.

"பையடியிலை நில்லு. நான் கோப்பி எடுத்துக்கொண்டு வாறன். ஒண்டையும் நோண்டாதை."

பத்து நிமிடம். பகிடிக்காரனுக்கு அது நீண்ட நேரம்.

அவளின் தலையைச் சுற்ற முடியாது, சப்பாத்தைச் சுற்றலாம் என்று நினைத்தேன். வலது கால் சப்பாத்தை எடுத்து உறையைக் கழற்றினேன். பழத்தால் மூன்று தரம் சுற்றினேன். புது வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே பழத்தை வைத்து ஏற்றி நசிப்போம். இதுவும் வாகனம்தானே, இதற்குச் சில்லு இல்லை, கத்தி இருக்கிறது. பழத்தைக் கார் தரிப்பிடத் தரையில் வைத்தேன். சப்பாத்துக்குள் கையை விட்டு, கத்தியைப் பழத்தில் வைத்து, உடம்புப் பாரத்தை எல்லாம் போட்டு அமத்தினேன். சிரித்துக்கொண்டே செய்தேன். மச்சாள் வென்று வந்தபிறகு இதைச் சொல்லி அவளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

பழம் இரண்டாகப் பிளந்தது. கத்தி கீழே போய்க் கறகற என்றது.

டென்மார்க்கில் குளிர்காலத்தில் ஆட்கள் வழுக்காமல் இருக்கத் தரையில் பொடிக்கல் தூவிவைப்பார்கள். நான் அதில் இரண்டு நாளாக நடந்தவன். சப்பாத்தில் ஒட்டுகிறது என்று புறுபுறுத்தவன். பழம் மெத்தென்று இருக்கும் என்று யோசித்தேன், பழத்துக்குக் கீழே என்ன என்று யோசிக்கவில்லை.

மாமா இரண்டு கோப்பியோடு தூரத்தில் வருவது தெரிந்தது. பழத் துண்டுகளைப் பக்கத்துக் காருக்குக் கீழே உதைத்தேன். கத்தியை என் ஜாக்கெட்டில் துடைத்து, சப்பாத்தையும் உறையையும் பைக்குள் திணித்து மூடினேன். உறை மாட்ட நேரம் இருக்கவில்லை.

"என்ன, முகம் ஒரு மாதிரி?" என்றார் மாமா.

"குளிர்."

அவர்கள் ஆடவேண்டியது அந்தக் குழுவில் முதலாவதாக. அதற்கு முன் ஐசில் ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்க விடுவார்கள். மச்சாள் சிவப்புச் சட்டையில் இறங்கி இரண்டு சுற்று ஓடினாள். மூன்றாம் சுற்றில் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். திரும்ப ஓடினாள், திரும்பப் பார்த்தாள். நேரே வேலிக்கு வந்து கோச்சிடம் ஏதோ சொன்னாள். கோச் குனிந்து விரல் நகத்தால் விளிம்பை இழுத்துப் பார்த்தார். பிறகு சின்னக் கல் ஒன்றால் அவசரமாகத் தேய்த்தார். சாணை பிடிக்க மெசின் வேண்டும், பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், இரண்டுக்கும் நேரம் வேண்டும். மூன்றும் இல்லை.

கோச் மாமாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். மாமா பையைத் திறந்தார். வலது கால் உறை தண்ணீர்ப் போத்தலுக்குக் கீழே கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அவரின் முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் இறங்கியதை நான் பார்த்தேன்.

"நான் போடேல்லை" என்றார் தமிழில், ஒருவரையும் பாராமல். "நான்தான் போட மறந்திட்டன். இரும்புப் போத்தல் அடிச்சிருக்கு."

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் விளிம்பு வராது, ஆனால் மாமாவின் முகத்துக்கு இரத்தம் வந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல்தரம்.

பாட்டுத் தொடங்கியது. முதல் நிமிடம் நன்றாகத்தான் போனது, இடது காலில் போன இடமெல்லாம். பிறகு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் ஒற்றைக் காலில் பம்பரம் மாதிரிச் சுழன்றுகொண்டே நகரவேண்டிய இடம் வந்தது. இடது காலில் சுழன்றார்கள், ஒன்றுபோல. வலது காலுக்கு மாற்றினார்கள். சத்தம் மாறியது. கடதாசி வெட்டுகிற சத்தம் இல்லை, கோப்பையைச் சுரண்டுகிற சத்தம். மாமா கண்ணைத் திறந்தார். மச்சாள் ஐசில் கிடந்தாள்.

எழும்பினாள். மாத்தியாசிடம் ஓடிக் கையைப் பிடித்தாள், மிச்சத்தை ஆடி முடித்தாள். வலது காலை நம்பாமல் ஆடினது எனக்கே தெரிந்தது. நடுவர்களுக்குத் தெரியாமல் போகுமா. தேவைப்பட்டதற்கு இரண்டு புள்ளி குறைந்தது. பின்னால் இருந்த இரண்டு மனிசிகளும் பின்னலை மடியில் வைத்துவிட்டார்கள்.

வெளியே வாங்கில் இருந்து மாத்தியாஸ் சப்பாத்தைக் கழற்றினான். நாடாவை வழக்கத்தைவிட மெதுவாக உருவினான். மச்சாளின் தோளில் கையை வைத்து ஏதோ சொன்னான். அவள் தலையாட்டினாள். நான் மாமாவைப் பார்த்தேன்.

"'ஐஞ்சு வருசமும் நல்லாய் இருந்தது, நன்றி' எண்டு சொல்லுறான்" என்றார். "திங்கக்கிழமை வேலை தொடங்குதாம்."

திரும்பி வரும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் மாமா மூன்று சொசேஜ் பாண் வாங்கினார், சிவப்புச் சொசேஜ், மேலே பொரித்த வெங்காயம். மச்சாள் தன்னுடையதை மடியில் வைத்திருந்தாள். சாப்பிடவில்லை, எறியவும் இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது டெனிஷில் ஒரு வசனம் தகப்பனுக்குச் சொன்னாள். மாமா அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்து மணிக்கு வெளியே கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம். சோபாவில் இருந்து எழும்பிப் பார்த்தேன். மாமா காருக்குள் இருந்தார், ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் ஒருவரும் இல்லை. நான் போய் முன்கதவைத் திறந்து ஏறினேன்.

"எங்கை மாமா போறீங்கள்?"

"ஓரிடமும் இல்லை. எழும்பிட்டன். அவளுக்குச் சீட் சூடாக்கவேணும் எண்டு கை தானாய்ப் போயிட்டுது."

அவரின் மடியில் துடைக்கிற துவாய் இருந்தது.

"பதினாறு வருசம் ஒருநாளும் மறக்கேல்லையடா. நேற்றும் போட்ட ஞாபகம்தான் இருக்கு. வயசு போட்டுது போல. எனக்கு என்ரை ஞாபகத்திலையே நம்பிக்கை இல்லாமல் போட்டுது."

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. சொன்னேன். அம்மாவின் போன், பழம், பொடிக்கல், உறை, எல்லாம். ஒரு பகிடியும் இல்லாமல் நான் நீளமாகக் கதைத்தது அதுதான் முதல்தரம், அதனால் சொற்கள் சரியாக வரவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

மாமா கார்க் கண்ணாடியில் உருகுகிற பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் போட்டனான்" என்றார்.

"போட்டனீங்கள் மாமா. என்ரை கண் முன்னாலை போட்டனீங்கள்."

மாமா துவாயை நாலாக மடித்தார்.

"அவளுக்குச் சொல்லாதை."

"ஏன் மாமா? நான் போய் இப்பவே..."

"சொல்லாதை எண்டால் சொல்லாதை. நான் மறந்தது எண்டால் ஒரு மாசம் முகத்தை நீட்டுவாள், பிறகு வருவாள். தகப்பன் களைச்சுப்போனான் எண்டு நினைப்பாள். எலுமிச்சம்பழம் எண்டால் வரமாட்டாள். சின்னனிலை இருந்து அவள் 'உங்கடை சாமி, உங்கடை சனம்' எண்டுதான் கதைக்கிறவள். நானும் உன்ரை அம்மாவும் அப்பிடி இப்பிடி இழுத்துத்தான் வைச்சிருக்கிறம். இது தெரிஞ்சால் நீ, கொம்மா, அந்த வாட்ஸ்அப்பிலை இருக்கிற அத்தினை பேரும் அவளுக்கு முடிஞ்சுது. எனக்குப் பிறகு அவளுக்கு ஒரு சொந்தம் வேண்டாமே?"

"உங்களைப் பிழையாய் நினைச்சுக்கொண்டு இருப்பாளே மாமா."

"நினைக்கட்டும். நான் பக்கத்திலைதானே இருக்கிறன்."

ஹீட்டரை நிற்பாட்டி இறங்கினார். பிறகு திரும்பி, "கொம்மாவுக்கும் சொல்லாதை, மனிசி தாங்காது" என்றார்.

திங்கட்கிழமை என்னை ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் விட்டது மச்சாள். மாமாவுக்கு அன்றைக்குக் காலையிலேயே சிப்ட். இனிப் பின்னேரச் சிப்ட் கேட்கத் தேவையில்லை அல்லவா. மாத்தியாசும் அதே காலையில் எங்கேயோ புது உடுப்புப் போட்டு வேலைக்குப் போயிருப்பான்.

அம்மா தந்த பட்டுச்சேலை பின்சீட்டில் தாம்பாளத்தோடு கிடந்தது. வென்றால் கொடுப்பதற்கு வைத்திருந்தது. எப்படிக் கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல் அவளின் கையில் அப்படியே வைத்தேன். அவள் தாம்பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது தோற்றாலும் தருவினமா?"

"ஓம்."

"சரி" என்று வாங்கிக்கொண்டாள்.

ரயில் மேடையில் நின்றோம். இந்த முறை எந்தப் பாதி எங்கே போகிறது என்று இரண்டு தரம் சரிபார்த்துத் தந்தாள்.

"மச்சான், இரண்டு நாளாய் ஏன் பகிடி இல்லை?"

"களைப்பு."

அவள் தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கதைத்தாள், என்னுடன் டெனிஷில் கதைத்துப் பயன் இல்லை என்பதால். "அப்பாவோடை எனக்குக் கோவம். ஆனா அப்பாவும் பாவம். அறுபது வயது. ஒவ்வொரு நாளும் ஐஞ்சு மணி. ஒரு நாள் மறந்தார். மனிசர்தானே. நீ பாரிஸ் மாமியிட்டைச் சொல்லு, அப்பாவை ஏசவேண்டாம் எண்டு."

"சொல்லுறன்" என்றேன்.

ரயில் வந்தது. கதைக்கக் கூடாத பெட்டியில் நானே தேடிப்போய் ஏறினேன்.

சாணை பிடித்தால் கத்தி திரும்பக் கூராகும் என்று பிறகு யாரோ சொன்னார்கள். நல்ல கத்தி பல வருடம் போகுமாம். மச்சாள் அதை விற்றுவிட்டாளாம். இப்போது சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ஐசில் நடக்கப் பழக்குகிறாள், வாடகைச் சப்பாத்தில். மாமா போனில் சொன்னார். அவளைக் கொண்டுபோய் விடுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை, இப்போது அவளே காரை ஓடிக்கொண்டு போகிறாள் என்றார்.

அவளுக்குச் சொல்லாதே என்றுதான் மாமா சொன்னார். நான் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் இவ்வளவையும் எழுதினேன். ஆனாலும் இக்காஸ்ட் சின்ன ஊர், தமிழ் வாசிக்கிற ஆட்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். யாராவது இதை அவளுக்கு வாசித்துக் காட்டத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்று கேட்கிறேன். என் பகிடிகளை விட்டுவிடுங்கள். கார் தரிப்பிடத்தில் மாமா கத்தியைத் துடைத்து உறை போட்டுப் பைக்குள் வைத்தார் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியை இரண்டு தரம் வாசியுங்கள்.